ரெடி விளக்கு எரியாத கார்: இண்டர்லாக் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

ஏசி குளிரவில்லை என்று பட்டறைக்குப் போன ஹைப்ரிட் கார், ஏசி சரியான பிறகு நகர மறுப்பது பட்டறைகளில் புதிதல்ல. பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் வரும், ‘ரெடி’ மட்டும் வராது. ஸ்கேனரை மாட்டினால் பி0ஏ0டி என்று ஒரு பழுதுக் கோடு. அதற்குரிய விளக்கத்தில் ‘உயர் மின்னழுத்தம்’ என்றும் ‘அதிகம்’ என்றும் இருப்பதைப் பார்த்ததுமே பேட்டரியில் வோல்டேஜ் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, இன்வெர்ட்டருக்கோ பேட்டரிக்கோ லட்சக்கணக்கில் விலை சொல்லிவிடுபவர்கள் உண்டு. அந்தக் கோடு சொல்வது வேறு. இண்டர்லாக் என்னும் மெல்லிய சிக்னல் ஒயரில் இருக்கவேண்டியதைவிட அதிக வோல்டேஜ் தெரிகிறது, அதாவது அந்த ஒயர் எங்கோ திறந்துகிடக்கிறது என்பதே செய்தி. ஏசி வேலை நடந்த காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்ப்ரஸருக்குப் போகும் ஆரஞ்சு கனெக்டரைத்தான். அதன் பூட்டு கடைசிவரை ஏறாமல் இருந்தாலே போதும், கார் நின்றுவிடும்.

இந்த அத்தியாயம் கார் எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்த, மல்டிமீட்டரும் ஒயரிங் படமும் கையாளத் தெரிந்த மெக்கானிக்குக்கானது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு ஒயர் உள்ள வண்டியில் இதுவரை கை வைக்காதவர், உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்ற ஒருவரோடு சேர்ந்தே முதல் வேலையைச் செய்ய வேண்டும். கார் வைத்திருப்பவர் தாமே செய்யக்கூடியது, கீழே ‘காரைத் தொடுவதற்கு முன்’ என்ற பகுதியோடு முடிந்துவிடுகிறது.

இண்டர்லாக் வளையம் என்ன செய்கிறது?

மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்தால் உள்ளே ஓடுவது நின்றுவிடும் அல்லவா, அதே வேலையைத்தான் காரில் இண்டர்லாக் செய்கிறது. ஹைப்ரிட் கணினியிலோ பேட்டரி கணினியிலோ புறப்படும் ஒரு மெல்லிய ஒயர், பேட்டரித் தொடரைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக், இன்வெர்ட்டர் மூடி, ஏசி கம்ப்ரஸர் கனெக்டர், ஹீட்டர், சார்ஜர் என்று ஆரஞ்சு ஒயர் போகும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அதில் ஓடுவது 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் அளவிலான சிக்னல் மட்டுமே. எங்காவது ஒரு கனெக்டர் கழன்றால் வளையம் அறுந்து, கணினி பேட்டரியின் பெரிய ரிலேக்களான காண்டாக்டர்களைத் திறந்துவிடும், அல்லது மூடவே விடாது.

கனெக்டருக்குள் இண்டர்லாக் பின்களைப் பெரிய மின்சார பின்களைவிடக் குட்டையாக வைத்திருப்பதும் காரணத்தோடுதான். கனெக்டரை இழுக்கும்போது குட்டைப் பின்கள் முதலில் பிரிகின்றன, பெரிய பின்கள் பிரிவதற்குள் காண்டாக்டர் திறந்துவிடுகிறது. நேர்மின்சாரம் ஓடும்போது பெரிய பின்களைப் பிரித்தால் எழும் பொறி எளிதில் அணையாது, கையையும் முகத்தையும் சுட்டுவிடும். இந்தக் குட்டைப் பின்கள் இருப்பது அதைத் தடுக்கத்தான்.

இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் 2003-இல் வந்தது. பேட்டரி 201.6 வோல்ட். இன்வெர்ட்டர் அதை 500 வோல்ட் வரை உயர்த்துகிறது. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃபின் பேட்டரி 360 வோல்ட் அளவு. டாடா நெக்ஸான் ஈ.வி. 2020-இல் 320 வோல்ட்டோடு வந்தது. நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே உயர் மின்னழுத்தம் என்று சர்வதேச வாகன விதிகள் கணக்கிடுகின்றன. இந்தக் கார்கள் எல்லாமே அந்த எல்லையை மூன்று மடங்குக்கும் மேலாகத் தாண்டியவை. ஜப்பானில் ஓடிய பிரியஸும் டொயோட்டா அக்வாவும் லீஃபும் இலங்கைச் சாலைகளில் நிறைந்திருப்பதால், யாழ்ப்பாணத்து கராஜ்களுக்கும் இந்தப் பழுது பழக்கமானதே.

காரைத் தொடுவதற்கு முன்

பழுதின் பாதி, ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே பிடிபட்டுவிடும். இந்தக் கட்டத்தில் ஆரஞ்சு ஒயர் பக்கமே போக வேண்டியதில்லை.

1. கடைசியாக இந்தக் காரில் யார், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்க வேண்டும். ஏசி, பேட்டரி மின்விசிறி சுத்தம், பாடி வேலை, கூலன்ட் மாற்றம், மழைத்தண்ணீரில் நின்றது, எலித்தொல்லை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பவரிடம் ‘டிக்கியைக் கழுவினீர்களா’ என்று கேட்டால் வேறு பதில் வரும்.

2. 12 வோல்ட் பேட்டரியை அளக்க வேண்டும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பலவீனமான 12 வோல்ட் பேட்டரி, இல்லாத பழுதுக்கெல்லாம் கோடு எழுத வைக்கும்.

3. எல்லாக் கணினிகளிலிருந்தும் கோடுகளை எழுதிக்கொள்ள வேண்டும். கோடு விழுந்த நேரத்துப் பதிவையும் சேமிக்க வேண்டும். டொயோட்டாவில் பி0ஏ0டி-யோடு ஒரு மூன்றிலக்க உள்கோடும் வரும். பழுது கார் ஓடும்போது வந்ததா, நிற்கும்போது வந்ததா என்பதைப் பிரித்தறிய அது உதவுகிறது. எழுதிக்கொள்ளாமல் அழித்துவிட்டால் இந்தத் தடயம் போய்விடும். கோடை அழித்துப் பார்ப்போம் என்ற அவசரம்தான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு.

4. கூட வந்த கோடுகளைப் பார்க்க வேண்டும். பி0ஏஏ1, பி0ஏஏ4 ஆகியவை காண்டாக்டர் ஒட்டிக்கொண்டதைச் சொல்கின்றன. அப்படியானால் கார் அணைந்திருந்தாலும் ஆரஞ்சு ஒயரில் மின்சாரம் இருக்கக்கூடும். பி0ஏஏ6 வந்தால் உயர் மின்னழுத்தத்துக்கும் பாடிக்கும் இடையே காப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். இந்த மூன்றில் எது இருந்தாலும் இது இண்டர்லாக் பழுது மட்டும் அல்ல. அனுபவம் குறைந்தவர் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓடும்போது வளையம் அறுந்தால் பல கார்கள் உடனே நின்றுவிடுவதில்லை. நெடுஞ்சாலையில் சட்டென்று சக்தி போனால் அது வேறொரு விபத்து. எச்சரிக்கை விளக்கை மட்டும் காட்டி ஓடவிட்டு, அணைத்த பிறகு மறுபடி ரெடி ஆக விடாது. ‘கடைக்கு வரும்வரை நன்றாக ஓடியது, அணைத்துவிட்டுத் திரும்பி வந்தால் எடுக்கவில்லை’ என்று உரிமையாளர் சொன்னால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அது இந்தப் பழுதின் இயல்பான வரலாறு.

மின்சாரத்தை இறக்குவது

இந்தப் பகுதியில் எதையும் சுருக்க முடியாது. கையில் இருக்க வேண்டியவை: 1000 வோல்ட்டுக்கான ‘கிளாஸ் 0’ ரப்பர் கையுறை, அதன் மேல் போடும் தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, 1000 வோல்ட் காப்பு உள்ள ஸ்பேனர்கள், ‘கேட் 3, 1000 வோல்ட்’ என்று அச்சிட்ட மல்டிமீட்டர். அந்த மீட்டரின் ஒயர்களுக்கும் அதே தரம் வேண்டும். எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் கையுறையும் இருநூறு ரூபாய் மீட்டரும் இந்த வேலைக்கு ஆகாது.

கையுறையை ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, காற்றை உள்ளே அடைத்து, கசிகிறதா என்று காதருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அது கையுறை அல்ல. உபயோகத்தில் இருப்பவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கூடத்தில் சோதிப்பது உலக வழக்கம்.

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி மூன்றையும் கழற்ற வேண்டும். வெள்ளி அரைஞாணையும் சேர்த்துத்தான். குனிந்து வேலை செய்யும்போது பனியனுக்கு வெளியே வருவது பெரும்பாலும் அதுதான், பலரும் மறப்பதும் அதைத்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

தனியாகச் செய்யவே கூடாது. கூட இருப்பவருக்கு மின்சாரம் தாக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் நெஞ்சழுத்த முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டவரை வெறுங்கையால் இழுக்கக் கூடாது. அதற்கென்று காப்புள்ள நீண்ட கொக்கி அருகிலேயே இருக்கட்டும். ஆம்புலன்ஸ் எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சுவரில் எழுதி ஒட்டிவைப்பது வீண்வேலை அல்ல.

பிறகு வரிசை இது:

1. காரை அணைத்து, சாவியை எடுத்து, காரிலிருந்து ஐந்து மீட்டருக்கு அப்பால் பூட்டி வைக்க வேண்டும். சட்டைப்பையில் ஸ்மார்ட் கீயை வைத்துக்கொண்டு வேலை செய்தால், யாராவது பட்டனை அழுத்தியதும் கார் உயிர்பெற்றுவிடும்.

2. சார்ஜர் மாட்டியிருந்தால் கழற்ற வேண்டும்.

3. 12 வோல்ட் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, தானாகத் திரும்பிப்போய் ஒட்டாதபடி டேப் சுற்ற வேண்டும். டிக்கி மின்சாரத்தில் திறக்கும் காராக இருந்தால் அதை முதலில் திறந்து வைத்துக்கொள்வது உத்தமம்.

4. கையுறையோடு சர்வீஸ் பிளக்கைக் கழற்ற வேண்டும். இரண்டாம் தலைமுறை பிரியஸில் அது பின் டிக்கிப் பகுதியில் இருக்கிறது. லீஃபில் காருக்குள் தரைவிரிப்பின் கீழே, நடுவில் இருக்கிறது. கழற்றிய பிளக்கை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும், பெஞ்சின் மேல் போட்டுவிடக் கூடாது. வேறொருவர் நல்லெண்ணத்தோடு எடுத்துத் திரும்ப மாட்டிவிடுவார்.

5. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சில பழைய கையேடுகளில் 5 நிமிடம் என்று இருந்தாலும் பத்து நிமிடம் காத்திருப்பதில் இழப்பு எதுவும் இல்லை. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் காலியாக வேண்டிய நேரம் இது.

6. மின்சாரம் இல்லை என்பதை அளந்து உறுதிசெய்ய வேண்டும். முதலில் மீட்டரைத் தெரிந்த ஒரு பேட்டரியில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து கையேடு சொல்லும் இடத்தில் பாசிட்டிவுக்கும் நெகடிவுக்கும் இடையே, பிறகு ஒவ்வொன்றுக்கும் பாடிக்கும் இடையே அளக்க வேண்டும். மூன்றிலும் பூஜ்ஜியம் அருகே வர வேண்டும். கடைசியாக மறுபடி அதே தெரிந்த பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டர் பழுதாகி பூஜ்ஜியம் காட்டியிருந்தால் இந்தக் கடைசிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

பூஜ்ஜியம் வந்தாலும் ஒன்று மாறாது. பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பது எப்போதும் உயிரோடுதான் இருக்கும். பிளக் செய்வதெல்லாம் பேட்டரித் தொடரை நடுவில் துண்டிப்பது. துண்டித்த ஒவ்வொரு பகுதியிலும் ஆபத்தான அளவு வோல்டேஜ் மிச்சமிருக்கும். எனவே இண்டர்லாக் தேடும் சாக்கில் பேட்டரிப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

கண்ணால் கிடைப்பவை

அளப்பதற்கு முன் பார்க்க வேண்டும். அதில் முதலிடம் சர்வீஸ் பிளக்குக்கு. பிரியஸில் அதை மாட்டுவதற்குக் கைப்பிடி மூன்று அசைவுகள் கேட்கிறது: செருகுவது, கைப்பிடியை மடக்குவது, கடைசியாகத் தள்ளிப் பூட்டுவது. இரண்டாவது அசைவிலேயே பிளக் உறுதியாக உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஆனால் இண்டர்லாக் மூடுவது மூன்றாவதில்தான். பேட்டரி வேலைக்குப் பிறகு ரெடி ஆகாத பிரியஸில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. வேறு எதையும் தொடுவதற்கு முன் இதை ஒருமுறை கழற்றி முழுமையாக மாட்டிப் பார்த்தாலே பல பழுதுகள் முடிந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு ஆரஞ்சு கனெக்டரையும், பூட்டு இரண்டாம் நிலைக்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கனெக்டர்களில் நெம்புகோல் ஒன்றும் அதன் மேல் சிறிய நகரும் பூட்டு ஒன்றும் இருக்கும். நெம்புகோல் மட்டும் மடங்கி, சிறிய பூட்டு ஏறாமல் இருப்பது ஏசி வேலைக்குப் பின் வரும் பழுதுகளுக்குப் பொதுவான காரணம். இன்வெர்ட்டர் மூடி கழற்றி மாட்டப்பட்டிருந்தால், மூடி நேராக உட்கார்ந்திருக்கிறதா, போல்ட் ஏதும் விடுபட்டதா என்பதும் முக்கியம். மூடியின் அடியில் உள்ள சிறு கனெக்டரோ சுவிட்சோ உட்காராமல் இருந்தால் வளையம் மூடாது.

எலி கடித்த ஒயர் வெளியே தெரியாமல், இன்ஜின் பக்கத்துப் பிளாஸ்டிக் குழாய்க்குள்ளேயே அறுந்திருக்கும். குழாயைத் தடவிப் பார்த்து, மேலே கூடு கட்டிய பஞ்சோ நெல்லுமியோ இருக்கும் இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூலையில் எலிப்புழுக்கை கிடந்தால் தேடல் அங்கிருந்தே தொடங்கலாம்.

விபத்தில் அடிபட்டு ஏலத்தில் வாங்கிய கார் என்றால், தீயணைப்பு வீரர்கள் பாதுகாப்புக்காக வெட்டிய ஒயர் இருக்கலாம். டெஸ்லா போன்ற சில கார்களில் மீட்புப் பணியாளர் வெட்டுவதற்கென்றே ஒரு மெல்லிய ஒயர் வளையம், அடையாளச் சீட்டோடு வைக்கப்பட்டிருக்கிறது. அதை வெட்டினால் பேட்டரிக்கு வெளியே உயர் மின்னழுத்தம் செத்துவிடும். அது வெட்டியிருப்பதைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் அளப்பது நேரவிரயம். வெட்டுண்ட அந்த இடத்தை நிறுவனம் சொல்லும் முறையில்தான் சரிசெய்ய வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் வேறு ரகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல கார்கள் தண்ணீரில் நின்றன. மின்சாரக் காரில் அப்படி ஆனால் இண்டர்லாக் கோடு வருவது சின்ன விஷயம், பேட்டரிக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்பதே கேள்வி. அதைத் திறந்தவெளியில், வேறு வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்தி, நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும்.

வளையத்தை அளப்பது

இங்கேதான் அனுபவசாலிகளும் தடுமாறும் ஒரு பொறி இருக்கிறது. சர்வீஸ் பிளக்கைக் கழற்றியாயிற்று, மின்சாரம் இல்லை என்று உறுதியும் ஆயிற்று. கணினியின் கனெக்டரைப் பிரித்து, வளையம் புறப்படும் முனைக்கும் திரும்பும் முனைக்கும் இடையே ஓம் அளந்தால் மீட்டர் ‘திறந்திருக்கிறது’ என்கிறது. பழுது கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பிளக்கே அந்த வளையத்தின் ஒரு கண்ணி. அதைக் கழற்றியதால்தான் வளையம் திறந்தது. இந்த ஒரு குழப்பத்தில் நல்ல கணினிகள் மாற்றப்பட்டதுண்டு.

இதைத் தாண்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, பிளக்கிலிருந்து கணினி வரையுள்ள பகுதியையும் பிளக்கிலிருந்து மறுமுனை வரையுள்ள பகுதியையும் தனித்தனியாக அளப்பது. மற்றது, கையேடு அனுமதிக்கும் காரில், பிளக் கூட்டில் உள்ள சிறிய இண்டர்லாக் முனைகளை மட்டும் அளக்கும்வரை ஒரு ஜம்பரால் இணைப்பது. முதல் வழியே பாதுகாப்பானது. ஜம்பர் போடுகிறவர் அதில் ஒரு முழம் சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். மறந்துபோய் உள்ளே விட்டுவிட முடியாது.

1. ஒயரிங் படத்திலிருந்து வளையத்தைத் தாளில் வரைந்து, வழியில் வரும் ஒவ்வொரு கனெக்டரையும் வரிசையாகக் குறிக்க வேண்டும். படம் இல்லாமல் தேடினால் நாள் போய்விடும்.

2. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, ஒயரின் சொந்த ஓம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதை அளவிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

3. வளையத்தை நடுவில் பிரித்து எந்தப் பாதி திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பாதியின் நடு, அதன் நடு. எட்டு இடங்கள் இருந்தால் எட்டுமுறை அளக்க வேண்டியதில்லை, மூன்று முறை போதும்.

4. நல்ல பகுதியில் டொயோட்டா கையேடுகள் 1 ஓமுக்குக் கீழே எதிர்பார்க்கின்றன. வேறு சில தயாரிப்புகளில் வளையத்துக்குள் வேண்டுமென்றே ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அங்கே படத்தில் உள்ள எண்தான் கணக்கு, ‘பூஜ்ஜியம் வரவில்லை’ என்று நல்ல பாகத்தைக் குறைசொல்லக் கூடாது.

5. மறுமுனை எர்த்தையும் பிரித்துவிட்டு, ஒவ்வொரு ஒயரையும் பாடிக்கு எதிராக அளக்க வேண்டும். 10 கிலோஓமுக்கு மேல் இருந்தால் பாடியோடு ஒட்டவில்லை என்று கொள்ளலாம்.

ஐந்தாவது அளவைச் சோம்பலில் விட்டுவிடுவார்கள். ஆனால் ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பல டொயோட்டா ஹைப்ரிட்களில் கணினி அந்த ஒயரில் பேட்டரி வோல்டேஜைக் கொடுக்கிறது, வளையத்தின் மறுமுனை பாடியில் எர்த் ஆகிறது. எல்லாம் மூடியிருந்தால் கணினி முனையில் ஏறத்தாழ பூஜ்ஜியம், எங்காவது திறந்தால் 12 வோல்ட் அருகே. இப்போது அந்த ஒயர் பாதிவழியில் உராய்ந்து பாடியைத் தொட்டுவிட்டால்? பூஜ்ஜியம்தான் தெரியும். கணினி எல்லாம் சரி என்றே நம்பும். அதற்கு அப்பால் எந்த கனெக்டரைக் கழற்றினாலும் காண்டாக்டர் திறக்காது. கோடும் வராது, காரும் ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது.

வோல்டேஜ் அளவுக்கு 12 வோல்ட் பேட்டரியை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அப்போது கழற்றிய ஆரஞ்சு கனெக்டர் ஒவ்வொன்றின் வாயும் காப்பு டேப்பால் மூடியிருக்க வேண்டும். கார் ‘ஆன்’ வரைதான் போக வேண்டும், ரெடிக்குப் போகக் கூடாது. பிளக் இல்லாமல் ரெடி செய்தால் வேறு பழுதுகள் உண்டாகும் என்று டொயோட்டாவே தன் கையேட்டில் எச்சரிக்கிறது. ஓம் அளக்கும்போது அந்த ஒயரில் மின்சாரம் இருக்கக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பின்களைக் கெடுக்காமல் பார்ப்பது

இண்டர்லாக் பின்கள் மெல்லியவை. தடித்த மீட்டர் முனையைப் பெண் பின்னுக்குள் திணித்தால் அது விரிந்துவிடும். அன்று வளையம் மூடும், ரெடி வரும், வண்டி போய்விடும். அடுத்த வாரம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது எச்சரிக்கை விளக்கு வரும். பழுது தேடியவரே பழுதை உண்டாக்கிய கதை இது.

எனவே கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து, ஒயரோடு ஒட்டி நுழையும் மெல்லிய ஊசிமுனையால் அளக்க வேண்டும். பின்னின் பிடியைப் பார்க்க அதே அளவுள்ள ஓர் ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பார்க்கலாம். நல்ல பின் லேசாகப் பிடித்துவிட்டுத்தான் விடும். தளர்ந்தது அப்படியே வழுக்கி வரும். கனெக்டரை முன்பக்கமாகப் பார்த்து, எல்லாப் பின்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே போயிருந்தால் அதன் பூட்டு உடைந்திருக்கிறது. மாட்டும்போது எதிர்ப்பின் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

பச்சைக் களிம்பு தெரிந்தால் தண்ணீர் வந்த வழியைத் தேட வேண்டும். பின்னைத் துடைத்துவிட்டு ரப்பர் சீலை மாற்றாமல் விட்டால் அடுத்த மழைக்கு கார் திரும்பி வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பின்னின் முலாமை எடுத்துவிடும். அது வேண்டாம்.

வந்து வந்து போகும் பழுது

பட்டறையில் நிற்கும்போது எல்லா அளவும் சரியாக வரும், சாலைக்குப் போனால் விளக்கு எரியும். இதில்தான் பொறுமை வேண்டும். மீட்டரில் குறைந்தபட்சம், அதிகபட்சம் பதியும் வசதி இருந்தால் அதை ஓமில் வைத்து, வளையத்தின் ஒரு பகுதியோடு இணைத்து, கூட இருப்பவர் ஒவ்வொரு கனெக்டரையும் ஒயர்க்கட்டையும் மெல்ல அசைக்க வேண்டும். மின்சாரம் இறக்கிய நிலையில், கையுறையோடு. எந்த இடத்தை அசைக்கும்போது அளவு துள்ளுகிறதோ அந்த இடத்தை டேப்பால் குறித்துக்கொண்டு பிரிக்க வேண்டும்.

சூட்டில் மட்டும் வரும் பழுதுக்கு இன்வெர்ட்டர் பக்கத்து ஒயரையும், மழையில் மட்டும் வரும் பழுதுக்கு அடிப்பாகத்து கனெக்டர்களையும் முதலில் பார்ப்பது வழக்கம். ஆரம்பத்தில் சேமித்த பதிவில் வண்டி வேகமும் வெளி வெப்பமும் இருந்தால், இந்தத் தேர்வு ஊகமாக இல்லாமல் கணக்காக இருக்கும்.

‘டைரக்ட்’ கொடுத்துவிடலாமா?

கூடாது. இதற்கு விதிவிலக்கு இல்லை.

ஃபியூஸுக்குப் பதில் ஒயர் சுற்றிப் பழகிய கைகளுக்கு இண்டர்லாக்கின் இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்துவிடுவது மிக எளிது. கார் ரெடி ஆகும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போவார். அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏசி வேலைக்குக் குனியும் வேறொரு பட்டறையின் பையன், கார் அணைந்திருக்கிறது என்று நினைத்து, ரெடியில் நிற்கும்போதே கம்ப்ரஸர் கனெக்டரை இழுத்துவிட்டால், அவனுக்கும் 200 வோல்ட்டுக்கும் இடையே நிற்க எதுவும் இருக்காது. ஹைப்ரிட் கார் ரெடியில் நிற்கும்போது இன்ஜின் ஓடாமல், சத்தமும் வராமல் இருக்கலாம் என்பதால் இப்படி நினைப்பது எளிது.

பாகம் வர நாளாகும் என்றால் கார் காத்திருக்கட்டும். முன்பு யாரோ டைரக்ட் கொடுத்த கார் கையில் வந்தால், வேறு எதற்காக வந்திருந்தாலும், உரிமையாளரிடம் எழுத்தில் சொல்லி அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சில கார்களில் போல்ட் போட்டு இறுக்கிய மூடிகளுக்கும் முனைகளுக்கும் இண்டர்லாக் இருப்பதில்லை, கருவி இல்லாமல் திறக்க முடியாது என்பதே அங்கே பாதுகாப்பு. இண்டர்லாக் எல்லா இடத்திலும் காவல் நிற்கிறது என்று நம்பி, மின்சாரத்தை இறக்காமல் எதையும் கழற்றக் கூடாது.

திரும்ப மாட்டி உறுதிசெய்வது

1. சிவப்புத் துணி கட்டிய ஜம்பர் கைக்குத் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

2. ஆரஞ்சு கனெக்டர்களை மாட்டி, சிறிய பூட்டுகளை ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

3. சர்வீஸ் பிளக் இன்னும் வெளியே இருக்கும்போதே 12 வோல்ட்டை இணைத்து, காரை ‘ஆன்’ மட்டும் செய்து, ஸ்கேனரில் இண்டர்லாக் நிலையைப் பார்க்க வேண்டும், அல்லது கணினி முனையில் வோல்டேஜ் அளக்க வேண்டும். பிளக் இல்லாதபோது வளையம் ‘திறந்திருக்கிறது’ என்றுதான் காட்ட வேண்டும். மூடியிருப்பதாகக் காட்டினால் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறது, அல்லது எவரோ போட்ட டைரக்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. வேலை முடியவில்லை.

4. மறுபடி அணைத்து, 12 வோல்ட்டைக் கழற்றி, கையுறையோடு பிளக்கை மாட்ட வேண்டும். மூன்று அசைவும் முடிந்து பூட்டும் சத்தம் கேட்க வேண்டும்.

5. 12 வோல்ட்டை இணைத்து, கோடுகளை அழித்து, ரெடி செய்ய வேண்டும். ரெடி வந்ததும் ஏசியைப் போட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

6. பத்துப் பதினைந்து கிலோமீட்டர், நடுவில் வேகத்தடைகள் உள்ள சாலையில் ஓட்டி, இரண்டு மூன்று முறை அணைத்து எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். காத்திருப்புக் கோடுகளும் காலியாக இருந்தால் சாவியைக் கொடுக்கலாம். பில்லில் எந்த கனெக்டர், எந்தப் பின், என்ன செய்யப்பட்டது என்று எழுதிக் கொடுத்தால், அடுத்து அந்தக் காரைத் திறப்பவர் முதல் கேள்விக்கே பதில் பெற்றுவிடுவார்.